முதல் கைதட்டு

என்னோடு மலை நடைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது ஒன்றுதான். வழியில் எதைப் பார்த்தாலும், எதைக் கேட்டாலும், யாரும் கைதட்டக் கூடாது. செண்பகனூர் பேருந்து நிறுத்தத்தில் முதுகுப் பையும் தொப்பியுமாக நிற்கும் அவர்கள் உடனே தலையாட்டுவார்கள். காட்டெருமை மிரளும், பாறைத் தேனீ கலையும் என்று அவர்களாகவே ஒரு காரணம் வைத்துக்கொள்வார்கள். நானும் மறுப்பதில்லை. நடை முடிந்து ஜீப்பில் ஏறும் நேரத்தில் யாராவது ஒருவர் மறதியாக இரண்டு கைகளையும் உயர்த்துவார். என் முகத்தைப் பார்த்ததும் அவற்றை என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஏறிக்கொள்வார். இது காட்டெருமை விஷயம் இல்லை. ஒரு மனிதருடைய விஷயம். அவர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார். நீண்ட நாள் இருக்கட்டும் என்றுதான் நானும் வேண்டிக்கொள்கிறேன்.

அவரை எங்கள் பக்கத்தில் கைடு சார் என்றுதான் சொல்வார்கள். பழனி அடிவாரத்தில் பக்தர்களுக்கு அறை விட்டுப் பிழைத்த குடும்பத்துப் பிள்ளை. வருகிறவரின் செருப்பைப் பார்த்தே அவர் எந்த ஊர், எவ்வளவு பேரம் பேசுவார், எந்த இடத்தில் மசிவார் என்று சொல்லிவிடும் வீடு அது. இளவயதில் மலையேறி வந்தவர், கொடைக்கானலுக்கு வருகிறவர்களும் ஒரு வகையில் பக்தர்கள்தான் என்று கண்டுகொண்டார். "அடிவாரத்துல சாமியக் காட்டுனோம், இங்கன மலையக் காட்டுறோம். கூட்டிட்டுப் போற சோலி ஒண்ணுதான்" என்பார். உயரமான ஆள். எப்போதும் வெள்ளைச் சட்டை. சேறும் அட்டையுமாகக் கிடக்கும் காட்டுக்குள் போய், ஒரு கறை படாமல் அந்தச் சட்டையோடு திரும்பி வருவார். அது எப்படி என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. இடது மணிக்கட்டில் தளர்வான உலோகப் பட்டையோடு ஒரு கைக்கடிகாரம் கட்டியிருப்பார். கையை ஆட்டிப் பேசும்போதெல்லாம் அது மேலும் கீழும் ஓடிச் சலசலக்கும். குடிசைக்குள் இருந்தபடியே அந்தச் சத்தத்தை வைத்து, சார் வந்துவிட்டார் என்று சொல்லிவிடுவோம்.

விருந்தாளிகளைத் தாண்டிக்குடியிலிருந்து ஜீப்பில் ஏற்றி வருவார். முதலில் காப்பித் தோட்டம். அடுத்து மலை விளிம்பில், பெரிய பலகைக் கற்களை நிறுத்தி மேலே ஒரு கல்லை மூடிய பழங்காலத்துக் கல்வீடுகள். குள்ளர் வீடு என்று ஊரில் சொல்வார்கள். செத்தவர்களுக்காக எழுப்பியவை அவை. அங்கே சார் குரலைத் தாழ்த்துவார். தொப்பியைக் கழற்றச் சொல்வார். எந்தக் காலத்திலோ செத்துப்போன, பெயர் தெரியாத மனிதர்களுக்காக எல்லோரையும் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்க வைப்பார். அதை அவர் நன்றாகவே செய்வார். சிலர் கண் கலங்கியதை நான் பார்த்திருக்கிறேன். கடைசியாக எங்கள் பளியர் குடியிருப்பு. இந்த மலையின் முதல் மக்கள் என்று எங்களை அறிமுகம் செய்துவிட்டு, அதே மூச்சில், இவர்கள் உப்பைத் தொடமாட்டார்கள், தேனும் கிழங்கும்தான் சாப்பாடு என்பார். அன்று காலையில்தான் அம்மா என்னை உப்பு வாங்கக் கடைக்கு விரட்டியிருப்பாள். நாங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்போம். அவரை எங்களுக்குப் பிடிக்காது என்று சொன்னால் அது பொய். திரும்பும்போது காய்ச்சல்காரர்களை ஜீப்பில் ஏற்றிக்கொள்வார். பிள்ளைகளுக்கு பிஸ்கட் தருவார். ஜீப் சத்தம் கேட்டால் முதலில் ஓடுகிறவள் நான்தான். அந்தச் சிறுமியை இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

என் தம்பி நடக்கத் தொடங்கியிருந்தான், பேசத் தொடங்கவில்லை. ஒரு மழைக்காலத்துக் காய்ச்சலில் போய்விட்டான். விடாமல் பெய்த மழையில் பாதை அறுந்து, மலைக்கு மேலே யாரும் வரவும் முடியவில்லை, கீழே போகவும் முடியவில்லை. மழை விட்ட காலையில் அவனைப் புதைத்துவிட்டு வந்தோம்.

எங்கள் குடியில் ஒரு வழக்கம் உண்டு. மற்றக் குடிகளில் எப்படியோ, எனக்குத் தெரியாது. புதைத்துவிட்டு வந்ததும், போனவருக்கு மிக நெருங்கிய பெண் வாசலில் உட்கார்ந்து பாடுவாள். பாட்டின் கடைசியில் அவர் பெயரை ஒரே ஒரு தடவை உரக்கக் கூப்பிடுவாள். அதற்கப்புறம் யாரும் அசையக் கூடாது, பேசக் கூடாது. கூப்பிட்ட பெயர் காட்டுக்குள் போய், போனவரின் காதில் விழுந்து, அவர் தன் வழியில் நடக்கத் தொடங்கும்வரை அந்த அமைதி நீடிக்க வேண்டும். நடந்துவிட்டார் என்று பாடியவளுக்குத் தெரியும். அவள் எழுந்தால்தான் மற்றவர்கள் எழுவார்கள். அன்றோடு அந்தப் பெயரை எங்களில் யாரும் வாயில் எடுப்பதில்லை. எடுத்தால் போனவர் திரும்பிப் பார்ப்பார். அதனால்தான் என் தம்பியின் பெயரை நான் இங்கேயும் எழுதப் போவதில்லை.

அம்மா பாடிக்கொண்டிருந்தபோது சரிவில் அந்தக் கடிகாரப் பட்டை சலசலத்தது. சித்தப்பா எழுந்து போய் வழியில் மறித்தார். வழக்கம்போல் நானும் ஓடினேன். அதனால் அங்கே பேசியது முழுவதும் எனக்குத் தெரியும்.

"இன்னிக்கு வேணாங்க சார். அண்ணன் பையன் போயிட்டான். இப்பத்தான் மண்ணத் தள்ளிட்டு வந்தோம்."

கைடு சார் சித்தப்பாவின் தோளில் கை வைத்தார். "யாரு, சின்னவனா?" என்று கேட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். பிறகு திரும்பி, மூச்சு வாங்க ஏறி வந்துகொண்டிருந்த விருந்தாளிகளைப் பார்த்தார். வெளிநாட்டுக்காரர்கள் சிலர், சென்னைக்காரர்கள் சிலர். "ரோடு அறுந்து கெடக்குன்னு வெள்ளனே கெளப்பி நடத்தியே கூட்டிட்டு வந்திருக்கேன்ப்பா. நல்ல மனுசங்க, ரசிக்கத்தான் வந்திருக்காங்க. ஓரமா நின்னு பாத்துட்டு வெரசாப் போயிருவோம்" என்றார். சித்தப்பா வழியை விட்டு விலகி நின்றார். யாரிடமும் மாட்டேன் என்று சொல்லிப் பழகாத மனிதர் அவர்.

சார் விருந்தாளிகளை எங்கள் வாசலுக்கு எதிரே வரிசையாக நிறுத்தினார். அம்மாவைக் காட்டி, மெல்லிய குரலில் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். அதில் ஒரு சொல் மட்டும் எனக்குப் புரிந்தது. எங்கள் பள்ளிக்கூட வாசல் வளைவில் வர்ணத்தில் எழுதியிருந்த சொல் அது. டீச்சர் எழுத்துக் கூட்டி வாசிக்கச் சொல்லித் தந்திருந்தார். வெல்கம். எங்கள் வீட்டுச் சாவை அவர் வரவேற்புப் பாட்டு என்று சொல்லிவிட்டார் என்பது புரிய எனக்குப் பல வருடம் ஆயிற்று. அந்த நேரத்தில், எனக்குத் தெரிந்த ஒரு சொல் காதில் விழுந்ததே என்று எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம்கூட வந்தது.

அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. அவளுக்கு எதிரே யார் நிற்கிறார்கள் என்பதே அவளுக்குத் தெரிந்திருக்காது. கண்ணை மூடி, முன்னும் பின்னும் அசைந்தபடி பாடினாள்.

"தேனிருக்கும் பாறை எதுன்னு தெரியலையே ஒனக்கு, தெரிஞ்சுக்கிற முன்ன கெளம்பிட்டியே. கெழங்கெடுக்கக் குழி ஒண்ணு தோண்டலையே நீயி, ஒனக்கு நாங்க தோண்டிட்டமே. மழ விட்டுப் போச்சு, பாத காஞ்சு போச்சு, நிக்காம போயிரு எஞ்சாமி."

பிறகு தலையை நிமிர்த்தி, தொண்டையில் இருந்ததையெல்லாம் சேர்த்து, அவன் பெயரைக் கூப்பிட்டாள்.

பெயர் அவள் வாயில் இருக்கும்போதே கைதட்டு விழுந்தது. முதல் கை சாருடையது. கடிகாரப் பட்டை சலசலக்க அவர் தட்டினார். அதைப் பார்த்து மற்றவர்களும் தட்டினார்கள். ஒரு வெளிநாட்டுப் பெண் கையில் இருந்த சின்னப் பெட்டியை அம்மாவின் முகத்துக்கு நேராக நீட்டிக்கொண்டிருந்தாள். அது பாட்டைப் பிடித்துக்கொள்ளும் கருவி என்று பிற்பாடு தெரிந்தது. அம்மா கண்ணைத் திறந்தாள். யார் இவர்கள் என்று கேட்கவும் இல்லை, வையவும் இல்லை. எழுந்திருக்கவும் இல்லை. அமைதி வரவே இல்லையே, அவள் எதை வைத்து எழுந்திருப்பாள்? விருந்தாளிகள் போய், வெயில் போய், மேகம் சரிவில் இறங்கிய பிறகும் அப்படியே உட்கார்ந்திருந்தாள். சித்தப்பாதான் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி உள்ளே கொண்டுபோனார்.

அதற்குப் பிறகு அம்மா பழையபடி காப்பிப் பழம் பறிக்கப் போனாள், மிளகு கிள்ளப் போனாள், என்னை விடுதியில் சேர்த்துப் படிக்க வைத்தாள். வெளியே பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. ஆனால் சரிவில் ஒரு சுள்ளி முறிந்தால் போதும், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு அந்தப் பக்கம் பார்ப்பாள். "அவன் காதுல பேரு விழுந்துச்சா, கைதட்டு விழுந்துச்சா?" என்று என்னிடம் கேட்பாள். "பேரு விழுந்திருந்தா போயிருப்பான். கைதட்டு விழுந்திருந்தா, யாரோ கூப்புடுறாகன்னு அங்கனயே நிப்பான்." இன்னொரு முறை கூப்பிட்டுப் பார்க்கவும் வழியில்லை. ஒரு தடவைதான் கூப்பிடலாம். அந்த ஒரு தடவையைத்தான் சார் தன் இரண்டு கைகளுக்கு நடுவில் வைத்து நசுக்கிவிட்டார்.

அந்த வெளிநாட்டுப் பெண் ஊருக்குப் போய்ப் பாட்டின் நகலை நன்றியோடு அனுப்பி வைத்தாள். சார் அதை விடவில்லை. முதலில் அவருடைய ஜீப்பில் ஓடியது. பிறகு கொடைக்கானலில் அவர் திறந்த அலுவலகத்தில், வருகிறவர்கள் உட்காரும் சோபாவுக்குப் பின்னால் நாள் முழுக்க ஓடியது. பிறகு செல்போனில், விளம்பரத்தில். மலைவாழ் மக்களின் பாரம்பரிய வரவேற்புப் பாடல் என்று கீழே எழுத்து ஓடும். கைதட்டோடு சேர்த்துத்தான் போடுவார்கள், அப்போதுதான் கலகலப்பாக இருக்குமாம். விடுமுறைக்கு வரும்போது பேருந்து நிலையத்தில் இறங்கி அந்த அலுவலகத்தைக் கடந்துதான் நான் போக வேண்டும். என் அம்மா அழுவதைத் தெருவில் கேட்டுக்கொண்டே போவேன். கல்லூரி முடித்ததும் நான் நேராக அந்த அலுவலகத்துக்குப் போய் வேலை கேட்டேன்.

குடியில் யாரும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அம்மா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு வேறு வழி தெரியவில்லை. தூரத்தில் இருந்து சாபம் கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. பக்கத்தில் இருந்தால்தான் சமயம் வரும். சார் என்னை வாயெல்லாம் பல்லாகச் சேர்த்துக்கொண்டார். படித்த பளியர் பெண், ஆங்கிலம் பேசுகிறவள், அவருக்கு அதைவிட என்ன வேண்டும்? அந்தப் பாட்டைப் பாடியவளுக்கு நான் யார் என்று அவர் ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

தொழிலை ஒளிக்காமல் கற்றுக்கொடுத்தார். கூட்டத்தில் மெதுவாக நடப்பவரை முன்னால் விடு, யாரும் அவரை விட்டுவிட்டுப் போகமாட்டார்கள். அட்டை கடித்ததைக் கடித்தவரிடம் சொல்லாதே, எடுத்துப் போட்டுவிட்டு நட. எல்லாம் இன்றைக்கும் எனக்குச் சோறு போடுகிற பாடங்கள். அதில் ஒன்றை அவர் எல்லாருக்கும் திரும்பத் திரும்பச் சொல்வார். "பாட்டோ ஆட்டமோ எப்ப முடியுதுன்னு கெஸ்டுக்குத் தெரியாது. முழிச்சுக்கிட்டு நிப்பாங்க. அது கூடாது. முடியப் போகுதுன்னு தெரிஞ்ச ஒடனே மொதக் கை நம்ம கையா இருக்கணும். நாம தட்டுனாத்தான் அவங்க தட்டுவாங்க." இதைச் சொல்லிவிட்டுத் தட்டியும் காட்டுவார். கடிகாரப் பட்டை சலசலக்கும். நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருப்பேன். என் முகத்தில் எதுவும் தெரியாது. அதையும் அவரிடம்தான் கற்றேன்.

சமயம் வந்தது. பெரும்பாறை போகிற வழியில், ஆரஞ்சுத் தோட்டத்துக்கு நடுவே சார் ஒரு தங்கும் விடுதி கட்டினார். திறப்பு விழாவுக்குப் பெரிய ஊர்களிலிருந்து சுற்றுலா நிறுவனத்துக்காரர்கள், பத்திரிகைக்காரர்கள் என்று கூடம் நிறைய ஆட்கள். அம்மாவின் பாட்டோடுதான் விழா தொடங்க வேண்டும் என்று சார் முடிவு செய்திருந்தார். "நீ அந்த மண்ணோட மக. மைக்கப் பிடிச்சு அதுக்கு அர்த்தம் சொன்னேன்னா சும்மா அள்ளிரும்மா" என்று என்னிடம் சொன்னார். சரிங்க சார் என்றேன். அந்தப் பேச்சை நான் காட்டில் மரங்களுக்கு முன்னால் எத்தனையோ தடவை பேசிப் பார்த்து வைத்திருந்தேன்.

ஒலிபெருக்கிக்காரரிடம் ஒவ்வொரு அடியாக நிறுத்திப் போடச் சொன்னேன். ஒவ்வொரு அடிக்கும் தமிழில் ஒரு முறை, ஆங்கிலத்தில் ஒரு முறை பொருள் சொன்னேன். தேன் பாறை வந்தபோது எல்லோரும் புன்னகைத்தார்கள். கிழங்குக் குழி வந்தபோது புன்னகை நின்றது. இது யாருடைய பாட்டு, யாருக்காகப் பாடியது, அன்று காலையில் எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று சொன்னேன். சார் மேடை ஓரத்தில் எழுந்து நின்றுவிட்டார். இப்போது பெயர் வரும், அதற்குப் பிறகு யாரும் அசையாதீர்கள், அதுதான் எங்கள் மரியாதை என்றேன். பாட்டைப் போடச் சொன்னேன். அம்மா கூப்பிட்டாள். கூடத்தில் ஒருவர்கூட அசையவில்லை. அந்த அமைதிக்குள், ஒலிபெருக்கியிலிருந்து கைதட்டு வந்து விழுந்தது. "முதல் கை யாருடையதுன்னு கவனிங்க. ஒரு கடிகாரச் சத்தம் கேக்கும்" என்றேன். மறுபடி போடச் சொன்னேன். கேட்டது. அவர்கள் எல்லோரும் அவருடைய மணிக்கட்டைப் பார்த்தார்கள். அவர் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அப்போதும் அது சலசலத்தது.

நான் அன்றே வேலையை விட்டு இறங்கிவிட்டேன். சந்தோஷமாக இருந்ததா என்று கேட்டால், ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. நிறுவனங்கள் சில அவரைக் கைவிட்டன. பாட்டு எல்லா இடத்திலும் நின்றது. ஆனாலும் அவர் ஒழிந்துபோய்விடவில்லை, அது எனக்குப் பெரிய குறைதான். விடுதி நொண்டி நொண்டி நடந்தது. கிணறு வற்றியது, மகன் சண்டை போட்டுக்கொண்டு பெங்களூருக்குப் போய்விட்டான், மனைவிக்கு உடம்புக்கு வந்தது. எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் பழனியில் குறி சொல்கிறவர் ஒருவர், ஒரு பெண்ணின் வயிற்றெரிச்சல் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று அவரிடம் சொல்லிவிட்டார். அந்தப் புண்ணியவான் யாரென்று தெரிந்தால் நானே போய்க் கும்பிட்டிருப்பேன்.

தாம்பாளத்தில் சேலை, பழம், தேங்காயோடு சார் எங்கள் குடிக்கு வந்தார். அம்மா வாசலில் வள்ளிக்கிழங்கைச் சீவிக்கொண்டிருந்தாள். நானும் சித்தப்பாவும் பக்கத்தில் இருந்தோம். அவர் தட்டை அவள் முன்னால் வைத்து, சட்டையைப் பற்றிக் கவலைப்படாமல் மண்ணில் உட்கார்ந்தார். "தெரிஞ்சுதாம்மா செஞ்சேன். பொழப்புக்குச் செஞ்சேன். மன்னிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க" என்றார். அம்மா தட்டைத் தொடவில்லை. கத்தியை மட்டும் கீழே வைத்தாள்.

"நான் எம்மவன் பேரக் கூப்புடும்போது நீ எதிர்க்கத்தான நின்ன? அந்தப் பேரச் சொல்லுய்யா. சொல்லிட்டியன்னா விட்டுர்றேன்."

"அவ்வளவுதானம்மா?" என்றார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. யோசித்தார். வரவில்லை. சித்தப்பா பக்கம் திரும்பி, பேரு என்னப்பா என்றார்.

வாழ்நாளில் யாருக்கும் மாட்டேன் என்று சொல்லாத சித்தப்பா, "அத நாங்க எடுக்க மாட்டோங்க" என்றார்.

அன்றிலிருந்து தொடங்கியது. குடியில் பெரியவர்கள் ஒவ்வொருவரையும் கேட்டுப் பார்த்தார், யாரும் சொல்லவில்லை. மலைக் குடிசையில் பிறந்து பேச்சு வருமுன் போன பிள்ளைக்கு எந்த அலுவலகத்திலும் பதிவு கிடையாது. அவருக்கு மிச்சம் இருந்தது அந்தப் பாட்டு ஒன்றுதான். காதில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு கேட்டார். வீட்டில் கேட்டார், பேருந்தில் கேட்டார். மதுரையில் ஒலிப்பதிவுக் கூடத்துக்குக் கொண்டுபோய்க் கைதட்டைப் பிரித்தெடுக்கச் சொன்னார். அங்கே ஆன மட்டும் பார்த்துவிட்டு, மற்றக் கைகளையெல்லாம் குறைத்துவிட்டோம், ஏதோ ஒரு கம்பிச் சத்தம் மட்டும் பெயருக்கு மேலேயே விழுகிறது, அதை எடுத்தால் பெயரும் போய்விடும் என்றார்களாம். இதை அவரே என்னிடம் சொன்னார். அதற்குப் பிறகு அவர் கையில் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. தன் கைதட்டை ஒரு மனிதர் இத்தனை தடவை கேட்டிருக்க முடியுமா என்று நினைக்கும்போது எனக்குத் தூக்கம் நன்றாக வரும்.

மாதத்துக்கு ஒரு தரமாவது மலையேறி வந்து, பாட்டில் கேட்டதாகத் தோன்றிய ஒரு பெயரை அம்மாவிடம் சொல்வார். அவள் நிமிராமல் "இல்லய்யா" என்பாள். அவள் பொய் சொல்லவில்லை. சரியான பெயரைச் சொல்லியிருந்தால் அந்தக் கணமே விட்டிருப்பாள், வாக்குக் கொடுத்தவள். சார் இறங்கிப் போவார். ஒரு தடவை இல்லையென்று ஆன பெயரை அவர் மறுபடி எடுப்பதில்லை. அது அவருடைய பழைய தொழில் ஒழுங்கு. வழியில்லை என்று தெரிந்த பாதையில் அவர் யாரையும் திரும்பக் கூட்டிப்போனதில்லை.

அம்மா போன வருடம் போய்விட்டாள். வாசலில் உட்கார்ந்து நான் பாடினேன். அவள் பெயரை ஒரு தடவை கூப்பிட்டேன். ஒரு இலைகூட அசையவில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் காற்று அடித்தது, ஒரு நாய் குரைத்தது. மனிதர்கள் யாரும் அசையவில்லை. தூரத்தில் சரிவில் சார் நின்றுகொண்டிருந்தார், கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துப் பிடித்தபடி. அம்மா போய்விட்டாள் என்று எனக்குத் தெரிந்தது, எழுந்தேன். அவளாவது போனாள். அவன் அந்தச் சரிவில் நிற்கிறானா, இல்லையா என்பது அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை. எனக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு அவர் என்னிடம் கேட்க ஆரம்பித்தார். "அம்மா எடத்துல நீ இருக்க. நீ சொன்னாலும் போதும்மா" என்றார். நடைக்கு ஆட்கள் கூடும் நாட்களில் செண்பகனூர் நிறுத்தத்தில் வந்து நிற்பார். ஒரு பெயர் சொல்வார். இல்ல சார் என்பேன். டவுன் பஸ் ஏறிப் போய்விடுவார். வெள்ளைச் சட்டை பழுப்பேறிவிட்டது. காலரில் கறை தெரிகிறது. பார்க்கப் பாவமாக இருக்கிறது என்று தேநீர்க் கடைக்காரர்கூட என்னிடம் சொன்னார். இருக்கலாம்.

போன வாரம் சென்னையிலிருந்து வந்த ஒரு கூட்டம் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தது. மேகம் இறங்கித் தெரு முழுக்க மூடியிருந்தது. சார் அதற்குள்ளிருந்து மெதுவாக வந்தார். என் எதிரே நின்று, எப்போதும்போல், ஒரு பெயரைச் சொன்னார்.

அது என் தம்பியின் பெயர்.

அம்மா கூப்பிட்ட நாளுக்குப் பிறகு அந்தப் பெயரை நான் எந்த வாயிலிருந்தும் கேட்டதில்லை. சொல்லிவிட்டு அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு, பதிலுக்காகப் பேசாமல் நின்றார். கைகள் இரண்டும் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. கூட்டத்தில் இருந்தவர்களும் ஏதோ என்று பேச்சை நிறுத்தினார்கள். பெயருக்குப் பிறகு வரவேண்டிய அமைதி, எங்களுக்குக் கிடைக்காமல் போன அந்த அமைதி, அந்த மனிதராலேயே அந்தத் தெருவில் வந்து நின்றது. நான் சரிவுப் பக்கம் பார்த்தேன். போயிரு எஞ்சாமி என்று மனதுக்குள் சொன்னேன். அந்த அமைதியை எவ்வளவு நேரம் நீட்ட முடியுமோ அவ்வளவு நேரம் நீட்டினேன். அவன் நடக்கத் தொடங்கிவிட்டான் என்று எனக்குத் தெரிந்தது.

வாக்குக் கொடுத்தவள் அம்மா. நான் கொடுக்கவில்லை.

"இல்ல சார்" என்றேன். "அது இல்ல."

அவர் தலையாட்டினார். பஸ் வந்தது, கம்பியைப் பிடித்து மெதுவாக ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். காதில் அந்தக் கருவியை மாட்டிக்கொண்டது தெரிந்தது. யார் அவர் என்று கூட்டத்தில் ஒரு பெண் கேட்டாள். எனக்குத் தொழில் சொல்லித் தந்தவர் என்றேன். பிறகு எல்லோரையும் அருகில் கூப்பிட்டு, வழியில் எதைப் பார்த்தாலும், எதைக் கேட்டாலும், யாரும் கைதட்டக் கூடாது என்று சொன்னேன். வருகிற வாரமும் அவர் வருவார். வேறொரு பெயர் சொல்வார். இந்தப் பெயரை மறுபடி சொல்லமாட்டார்.